வுட் பஃபலோ: போகும் முன் ஒரு கதை

கனடாவின் வடக்கே உள்ள வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பரப்பு சுமார் 44,700 சதுர கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தை விடப் பெரியது! தங்குவதற்கு ஏற்ற ஊர் ஃபோர்ட் ஸ்மித்.

அழிந்துகொண்டிருந்த வன பைசன்களைக் காக்கத்தான் 1922-ல் இந்தப் பூங்கா உருவானது. ஆனால் 1925 முதல் 1928 வரை, தெற்கே வெயின்ரைட்டில் அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட சமவெளி பைசன்களில் 6,600-க்கும் மேற்பட்டவற்றை அரசே இங்கு கொண்டுவந்து விட்டது. விலங்கியலாளர்கள் எதிர்த்தார்கள், பலனில்லை. வந்தவற்றோடு காசநோயும் புருசெல்லோசிஸும் வந்தன. இரு வகைகளும் கலந்தும் போயின. நூறாண்டு ஆகியும் நோய் ஒழியவில்லை.

சாலையோரம் பைசன் நின்றால் 100 மீட்டர் தள்ளி நின்றே பாருங்கள். காக்க வந்தவர்கள் கொடுத்த நோயை அது இன்றும் சுமந்துகொண்டிருக்கலாம்.