காலில் தைத்த முள்

பசுவந்தனைப் பக்கத்துக் கரிசலில் நடப்பவனுக்கு இரண்டு தொல்லைகள். மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயில் காய்ந்தால் முள் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்துச் சம்சாரிகள் அரைஞாணில் முள்வாங்கியைக் கோத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போனார்கள். ஆழத்தில் போய்விட்ட முள்ளுக்கு எருக்கம்பால். அதற்கும் மசியாத முள்ளை அப்படியே விட்டுவிடுவார்கள். "தானா வெளிய வரும்" என்பது வைத்தியம்.

சில முட்கள் வெளியே வருவதில்லை. வேறொன்றை உள்ளே கொண்டுபோய் விடுகின்றன. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் ஒருவகைப் பாக்டீரியாக்களும் அந்தச் சின்னத் துளை வழியே காலுக்குள் குடியேறும். முதலில் வலியில்லாத ஒரு வீக்கம். வலி இல்லையென்றால் உழைக்கிறவன் எதையும் கவனிக்க மாட்டான் அல்லவா? வருஷங்கள் போகும். பாதம் பருக்கும், புரைகள் திறக்கும், அவற்றின் வழியே கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ மணல்போன்ற குருணைகள் வரும். கடைசியில் எலும்பையே அரித்துவிடும். காலை எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கில மருத்துவர் 1842-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதிலிருந்து உலகம் முழுவதும் அதற்கு 'மதுரைப் பாதம்' என்று பெயர் வந்துவிட்டது. கறுப்புக் குருணையை உண்டாக்கும் பூஞ்சைக்கு விஞ்ஞானிகள் சூட்டிய பெயர் மதுரெல்லா. மீனாட்சியின் ஊருக்கு வந்த புகழ்களில் நாம் அதிகம் பேசாத புகழ் இது.

இந்த நோய்க்குப் பூஞ்சை ஒரு காரணம் என்று எடுத்துக்காட்டி, 'மைசீட்டோமா' என்று 1860-ல் பெயரிட்டவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர். அவருக்கு இன்னொரு முகம் உண்டு. ஹென்றி கிரே எழுதி 1858-ல் லண்டனில் வெளிவந்த உடற்கூற்று நூல் மருத்துவ மாணவர்களுக்கு வேதம் போன்றது. அதிலுள்ள படங்களை வரைந்தவர் இந்தக் கார்ட்டர்தான். புத்தகம் கிரேயின் பெயரால் நின்றது. கார்ட்டர் அதே ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். கிரேயும் அந்தப் புகழை வெகுகாலம் அனுபவிக்கவில்லை. 1861-ல், 34 வயதில், பெரியம்மையில் போய்விட்டார்.

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உடல் முழுவதிலும் உள்ள 206 எலும்புகளில் பாதிக்கு மேல் இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் அடங்கிவிடுகின்றன! நெஞ்சிலிருந்து புறப்படும் ரத்தம் கால் பெருவிரல் வரை இறங்கிவருவதில் வியப்பில்லை. அது திரும்பி ஏற வேண்டுமே, அதில்தான் வேடிக்கை. கமலைக் கிணற்றில் மாடு இழுக்காமல் தண்ணீர் மேலே வருமா? இங்கே மாட்டின் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நாம் நடக்கும்போதெல்லாம் அது சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது கீழே வழிந்துவிடாமல் நாளங்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகள் ஒரே பக்கமாகத் திறப்பதைக் கையில் கயிறு கட்டிப் பார்த்தே ரத்தம் சுற்றி ஓடுகிறது என்பதற்குச் சான்று காட்டினார் ஹார்வி. அவர் நூல் 1628-ல் வந்தது.

இதையெல்லாம் தமிழில் முதன்முதலாக ஒழுங்காகச் சொல்ல முயன்றது யார்? பண்டிதர்கள் அல்ல, சர்க்கார் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற பாதிரி மருத்துவர்.

மானிப்பாயில் இருந்துகொண்டு அவர் வைத்தியம் பார்த்தார். உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமம் கிராமமாகவே இருந்தது. கிறீன் யோசித்தார். 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ்ப் பையன்களிடமிருந்துதான். ஆங்கிலம் இல்லாத படிப்புக்கு மதிப்பேது, சம்பளமேது என்பது அவர்கள் கவலை. அதைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

கிறீன் அசையவில்லை. தம் மாணவர்களையே துணையாக வைத்துக்கொண்டு புத்தகங்களை வரிசையாகக் கொண்டுவந்தார். 1857-ல் பிரசவ வைத்தியம், 1867-ல் இரண வைத்தியம், 1875-ல் கெமிஸ்தம். நடுவே 1872-ல் வந்தது 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேயின் நூல்தான் தமிழுடுத்தி வந்தது. சொல்லுக்கு எங்கே போவது? முதலில் தமிழில் தேடினார், பிறகு வடமொழியில். கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் உட்கார்த்தினார். உடல் இயங்கும் முறையைச் சொல்லும் கலைக்கு அவர் வைத்த பெயர் சுகரணம். இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை, உடலியங்கியல் என்கிறோம்.

1873-ல் அவர் ஊர் திரும்பினார். அவர் போன பிறகு தமிழ் வழி மருத்துவப் படிப்பும் நீடிக்கவில்லை. 1884-ல் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை நிற்கிறது.

உடற்கூறு நம் ஜனங்களுக்குத் தெரியாத சாஸ்திரம் அல்ல. ஆட்டுக்கறி கூறு போடுகிறவரைக் கேளுங்கள். ஈரல் எது, சுவரொட்டி எது, குண்டிக்காய் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். ஆட்டுக்கு இத்தனை பெயர் தெரிந்த ஊரில், மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போனால் 'லிவர்', 'கிட்னி', 'வால்வு' என்று காதில் விழுகிறது. "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டுச் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது உடம்புக்கு உடையவனுக்குத் தெரிவதில்லை.

மதுரைப் பாதத்தை உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷங்களுக்குப் பிறகு! வெறுங்காலோடு உழுகிறவனின் நோய்க்கு அவ்வளவுதான் அவசரம். அதைத் தடுக்கப் பெரிய மருந்து வேண்டியதில்லை. காலுக்கு ஒரு செருப்பு வேண்டும். வலிக்காத வீக்கத்தையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை அவன் பாஷையில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மானிப்பாயில் ஒரு வெள்ளைக்காரர் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் செய்தது அந்த வேலையைத்தான்.