மூன்றாவது நாடா

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில் கோபுரங்களும் நம் இல்லத் திருமணத்திற்கு எடுத்த பட்டுச்சேலையும் நினைவில் எழுகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். அந்நகரின் வரலாறோ இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்குப் பௌத்த மடங்களைக் கண்டார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் கயிலாசநாதர் கோயிலை எழுப்பினான். நகரை ஒட்டிய சமணர் தலம் திருப்பருத்திக்குன்றம். பட்டால் பெயர்பெற்ற ஊரின் அருகே பருத்தியின் பெயர்!

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தமசோழனின் செப்பேடு. பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. கச்சிப்பேட்டின் ஊரகத்துத் திருமால் கோயிலை மேற்பார்க்கும் பொறுப்பு, நகரின் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம் இருந்ததை அது கூறுகிறது. (சேரி என்பதற்கு அன்று குடியிருப்பு என்பதே பொருள்.) கோயில் கணக்கைக் கேட்கும் உரிமை தறிக்காரருக்கு இருந்தது என்பதை நாம் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தம் வழிவந்த தொழிலின் உச்சம் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு. ஊடிழை ஒவ்வொன்றும் கரையின் இழையோடு கோத்துக்கொண்டால்தான் சேலை கிழியாது நிற்கும். ஒருவரால் இது இயலாது. மறுபக்கம் அமர்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ள ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் நெடுங்காலம் ஒரு குழந்தையாக இருந்தார். நாம் வியந்து போற்றிய கரைகளில் பல, பள்ளி செல்லாத விரல்கள் கோத்தவை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. எனினும் குடும்பத் தொழிலுக்கு விலக்களித்தது. வீடே தறிக்கூடமாயிருக்கும் ஊரில் அவ்விலக்கு எவ்வளவு அகன்ற வாசல் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர்ப் படிப்படியாகக் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். கோர்வை நலிந்தாலும் அவர்கள் எழுந்து சென்றதே நன்று என்போம்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிட்டியது. ஆயினும் நெசவாளர் பலர் கோர்வையில்லாச் சேலைக்கு மாறிவிட்டனர். இன்றும் கோர்வை நெய்யும் வீடுகள் பலவற்றில் மறுபக்கம் அமர்ந்திருப்பவர் மனைவி. கூலி சேலைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இருவர் உழைப்புக்கும் கூலி ஒன்றுதான்.