பிளான் போடாமல் எழுதிய கதைகள்: வத்தலக்குண்டிலிருந்து ஒரு வரலாறு

போன கட்டுரையில் தேய்மானக் கணக்கு பற்றி எழுதி எல்லோரையும் கொட்டாவி விட வைத்ததற்கு முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தடவை கதை பற்றி. அதுவும் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே திட்டம் போடாமல் எழுதிய கதைகளின் வரலாறு.

எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், எனக்கு ஒரு சொந்தப் பிரச்சனை. எங்கள் தாத்தா வேடசந்தூரில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் முப்பது வருஷம் கணக்கு எழுதினார். அவரை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதலில் ஒழுங்காகப் பிளான் போட்டேன். ஆரம்பம், திருப்பம், முடிவு என்று கட்டம் கட்டி எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் கதை செத்துப் போச்சு. சரி, பிளானே வேண்டாம் என்று அடுத்த தடவை மனம் போன போக்கில் எழுதினேன். பதினொரு பக்கம் ஓடியது. ஆனால் தாத்தா இன்னும் கிட்டங்கி வாசலையே தாண்டவில்லை! இதைக் கேட்ட வகுப்பு நண்பன் ஒருத்தன், "பட்ஜெட் போடாம கம்பெனி நடத்த முடியுமாடா? கதையும் அப்படித்தான்" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளான் இல்லாமல் எழுதி ஜெயித்தவர்கள் யாருமே இல்லையா என்று தேட ஆரம்பித்தேன். முதல் ஆள் நம்ம மாவட்டத்திலேயே கிடைத்தார்.

வேடசந்தூரில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறினால் வத்தலக்குண்டு. அந்த ஊரில் 1872-ல் பிறந்தவர் பி.ஆர். ராஜம் ஐயர். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. அதற்குப் பிறகு அதிகம் பேசப்படும் நாவல் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, 1896-ல் புத்தகமானது. தொடங்கும்போது அவருக்கு வயது 21. அதாவது என் வயசு! (இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.)

அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். முதல் பாதி ஒரே சிரிப்பு. சிறுகுளம் என்ற கிராமம், ஊர்வம்பு பேசும் பெண்கள், அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ் வாத்தியார், ஜல்லிக்கட்டு என்று மதுரைப் பக்கத்துக் கிராமம் அப்படியே கண்முன் நிற்கும். இரண்டாம் பாதிக்கு வந்தால் ஆளே மாறிப்போகிறார். முத்துசாமி ஐயர் சொத்தை இழக்கிறார், மனைவி கமலாம்பாள் மேல் கிளம்பிய அவதூறைக் கேட்டு மனம் உடைந்து வீட்டை விட்டுப் போகிறார், குருவைத் தேடுகிறார். கதை வேதாந்தத்தில் போய் நிற்கிறது. இரண்டு பாதியும் ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொடராக வந்தபோது அதன் முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அபவாதம் என்றால் அவதூறு. கதையில் ரொம்பப் பின்னால் வரப்போகிற விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது! பஸ்ஸின் முகப்புப் பலகையில் போகிற ஊர்ப் பெயர் எழுதியிருக்கிற மாதிரி. எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்பதுதான் பலகையில் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் எழுதியவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1896-ல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில வேதாந்தப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். 1898-ல் 26 வயதில் இறந்துவிட்டார். 21 வயதில் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தொடங்கியவர், முடிக்கும்போது வேறு ஆள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதல் நாளே கட்டிப்போட்டிருந்தால் இந்த மாற்றம் கதைக்குள் வர வழியே இருந்திருக்காது என்பது என் கட்சி. ஒட்டாத அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

இதில் காமர்ஸ் மாணவனுக்கு ஒரு விஷயம் உடனே புரியும். கணக்குப் புத்தகத்தில் தப்பாகப் பதிந்ததை அழிரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. பிழை திருத்தப் பதிவு என்று இன்னொரு பதிவு போட்டுத்தான் சரி செய்யணும். தொடர்கதையும் அப்படியே. போன மாத அத்தியாயம் வாசகர் வீட்டில் இருக்கிறது. அதைத் திருத்த முடியாது. அடுத்த அத்தியாயத்தால்தான் சமாளிக்க முடியும். பிளான் இல்லாமல் எழுதுவதை ஒரு தொழிலாகவே ஆக்கியது இந்தத் தொடர்கதை முறைதான்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் சார்லஸ் டிக்கன்ஸ். 1836-ல் அவருக்கு 24 வயது. ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வரையும் வேடிக்கைப் படங்களுக்குப் பக்கத்தில் எழுத்து வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் 'பிக்விக் பேப்பர்ஸ்'. இரண்டாவது பகுதி வெளிவருவதற்கு முன்பே ஓவியர் தற்கொலை செய்துகொண்டார். படத்துக்காக எழுத்து என்பது போய், எழுத்துக்காகப் படம் என்று ஆனது. நான்காவது பகுதியில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வந்தான், மக்களுக்குப் பிடித்துப்போனது, கதை அவன் பக்கம் சாய்ந்தது. ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கில் விற்றது, 1837-ல் முடியும்போது 40,000 பிரதிகள். ஆனால் அதே டிக்கன்ஸ் 1846-ல் தொடங்கிய 'டோம்பி அண்ட் சன்' முதல் ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பெழுதி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். இதை என் நண்பனிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம் :-)

நம்ம ஊருக்கு வருவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. ஐந்து பாகம். ஆனால் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவதும், அருள்மொழிக்கு முன் உத்தம சோழர் பட்டத்துக்கு வருவதும் கல்வெட்டும் செப்பேடும் சொல்லும் வரலாறு. அதை மாற்ற முடியாது. ராஜம் ஐயருக்குத் தலைப்பு எப்படியோ, கல்கிக்கு வரலாறு அப்படி. சேர வேண்டிய ஊர் நிச்சயம். வந்தியத்தேவன் குதிரை எந்த வாரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில்தான் சுதந்திரம். கதை முடிந்ததும் 'அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்' என்று வாசகர்கள் கேட்க, கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது.

இங்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்ப்பு தரணும். 1870-ல் டிக்கன்ஸ் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' நாவலின் 12 பகுதிகளில் 6 தான் எழுதியிருந்தார். மர்மத்துக்கு விடை என்ன என்று இன்றுவரை சண்டை. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. ஆனால் அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். எழுதுகிறவர் போன பிறகும் கதை பிழைக்க வேண்டுமானால் குறிப்பு வேண்டும். இதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் ஒரு குறிப்பும் இல்லாமல், சேர வேண்டிய ஊரும் தெரியாமல் உட்கார்ந்து எழுதியவர்கள் கதி? இதற்கும் வத்தலக்குண்டு வழியாகவே போகலாம். அதே ஊரில் 1905-ல் பிறந்த பி.எஸ். ராமையாதான் 'மணிக்கொடி'யை 1935-ல் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றியவர். மணிக்கொடியில் எழுதியவர்களில் பெரிய ஆள் புதுமைப்பித்தன். 'என் கதைகளும் நானும்' என்ற கட்டுரையில் தன் ரகசியத்தை உடைக்கிறார். பிளான் வைத்துக்கொண்டு கதை எழுத உட்காரும் பழக்கம் தனக்குக் கிடையாதாம். அப்படி எடுத்த எடுப்பில் எழுதியும் கதை தேறுவதற்கு ஒரு காரணம் சொல்கிறார். இன்னும் எழுதாத கதைகள் பல அவர் நெஞ்சில் எப்போதும் கிடந்துகொண்டே இருக்குமாம். அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வாராம்.

கிடங்கு! எங்கள் பக்கம் கிட்டங்கி என்போம். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. புகையிலையைப் பறித்த அன்றே விற்க மாட்டார்கள். காயவைத்து, அடுக்கி, அவ்வப்போது பிரித்துப் புரட்டி அடுக்கி, பதம் வந்த பிறகுதான் வெளியே போகும். அவசரம் என்று ஒருவர் வந்து கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கு ஐந்து நிமிஷ வேலை மாதிரித்தான் தெரியும். உள்ளே கிடந்த மாதங்கள் தெரியாது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்றவர்களும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் ஒரு கனவு கண்டார். பழைய கோட்டையின் மாடிப்படிக் கைப்பிடியில் கவசம் போட்ட ராட்சசக் கை. அன்று சாயங்காலமே, என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் எழுத உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்குள் முடித்தார். 1764-ல் வந்த 'ஒட்ராண்டோ கோட்டை' அதுதான். பேய்க்கோட்டைக் கதைகளுக்கெல்லாம் தாத்தா. ஆனால் அந்த மனிதர் அதற்கு முன் பல வருஷமாகத் தன் வீட்டையே பழங்காலக் கோட்டை மாதிரிக் கட்டி, பழம்பொருட்களால் நிரப்பிக்கொண்டிருந்தவர். கிட்டங்கி நிறைய சரக்கு! நம் காலத்தில் ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 வரை 'வெண்முரசு' எழுதினார். தினம் ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் 26 நாவல்கள். அடியில் மகாபாரதம் என்ற எவ்வளவு பெரிய கிட்டங்கி இருக்கிறது என்று பாருங்கள்.

ஆக, என் நண்பன் சொன்னதும் தப்பு, நான் நினைத்ததும் தப்பு. பட்ஜெட் இல்லாமல் கதை எழுதலாம், நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். சரக்கு இல்லாமல்தான் எழுத முடியாது. என் முதல் முயற்சியும் இரண்டாவது முயற்சியும் தோற்றதற்கு ஒரே காரணம்தான். தாத்தா வேலை பார்த்த கிட்டங்கிக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. அவர் யாரோடு சண்டை போட்டார், எதற்குச் சிரித்தார், ஒன்றும் தெரியாது. காலிக் கிட்டங்கிக்குப் பூட்டு சாவி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தாத்தா வேலைக்குப் போயிட்டு வந்ததும் என்ன செய்வாரு?" என்று கேட்டேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது: "புளியைப் போட்டு ரெண்டு கையையும் தேச்சுத் தேச்சுக் கழுவுவாரு. புகையிலை வாடை போன பொறகுதான் உன்னையத் தூக்குவாரு."

இது என் கட்டம் கட்டிய பிளானில் இல்லை. பதினொரு பக்கத்திலும் இல்லை. இப்போது முதல் வரி கிடைத்துவிட்டது. கடைசி வரி என்னவென்று தெரியாது. இனி ஞாயிறுதோறும் அப்பத்தாவிடம் உட்காருவதாக உத்தேசம்.

பி.கு: உங்கள் வீட்டுக் கிட்டங்கியிலும் யாராவது சாவியோடு உட்கார்ந்திருப்பார்கள். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் தாத்தாவிடம் அப்படித்தான் தள்ளிப்போட்டேன்.