விரல் தொட்ட அழற்சியும் பெட் காட்டும் அழற்சியும்: சென்னை வகை இயக்க நரம்பணு நோயின் ஆய்வு வரலாறு

செங்கல்பட்டுச் சீமையில் ஒருவருக்குக் கை மெலிந்து விரல்கள் மடங்கினால், ஊரார் முதலில் ஐயப்பட்டது தொழுநோயைத்தான். அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது. திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் இல்லம் 1930களிலும் 40களிலும் ராபர்ட் காக்ரேனின் பொறுப்பில் இயங்கியது. வேலூரிலிருந்து அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன கைகளைக் கண்ட பிறகே தசைநாண் மாற்று அறுவையில் இறங்கினார். 1955இல் அவ்வளாகம் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கு பயின்ற மருத்துவர்களுக்கு நரம்பின் அழற்சி கைக்கு எட்டும் பொருள். முழங்கையின் உட்புறம் விரலை வைத்து உருட்டினால், தடித்த நரம்பு கயிறுபோல் அகப்படும். பஞ்சால் தொட்டு உணர்ச்சி மரத்திருக்கிறதா என்று பார்த்தால் நோய் ஏறக்குறையத் தெளிந்துவிடும்.

கை மெலிந்தும் உணர்ச்சி குறையாமல், நரம்பும் தடிக்காமல் வந்தவர்களுக்கு இந்தச் சோதனை விடை தரவில்லை. கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து அத்தகையவர்கள் செய்யூர், மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து ஜி.எச். எனப்படும் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதுண்டு. இந்தக் கட்டுரையின் வரலாறும் அந்த ஜி.எச்.சில்தான் தொடங்குகிறது.

பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த நரம்பியல் குழுவிலிருந்து ஈ. மீனாட்சிசுந்தரம், கே. ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடியும் இயக்க நரம்பணு நோய் சென்னையில் இளம் வயதினரிடம் காணப்படும் போக்கு பற்றியது அது. மேலைநாட்டுப் பாடநூல்கள் சொன்ன நோய் நடுத்தர வயதைத் தாண்டியவர்களைப் பிடிக்கும். பெரும்பாலோரைச் சில ஆண்டுகளில் கொண்டுபோய்விடும். இவர்கள் கண்டதோ பதின்பருவத்தில் தொடங்கும் நோய். கைகால்கள் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் மெலிகின்றன. முகத்தசையும் நாக்கும் தொண்டையும் தளர்கின்றன. அதோடு காதும் கேட்காமல் போகிறது. நோயாளிகள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். காது கேளாமை இயக்க நரம்பணு நோயின் இலக்கணத்திலேயே இல்லாத அறிகுறி. அதைப் புறக்கணிக்காமல் நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டதுதான் அக்கட்டுரையின் துணிவு என்பேன்.

1973இல் ஸ்பில்லேன் தொகுத்த வெப்பமண்டல நரம்பியல் நூலில் ஜகந்நாதன் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் வால்மீகிநாதனும் சக ஆய்வாளர்களும் இந்நோயாளிகளின் உயிர்வேதியியலை ஆராய்ந்து பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்டனர். ‘சென்னை வகை’ என்ற பெயர் நிலைத்தது. பிறகு ஆய்வின் மையம் பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு நகர்ந்தது. எம். கௌரி தேவியும் சுரேஷும் 1988இல் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஏ. நளினி குழுவினர் 2008இல் 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகளில் பார்த்த 116 பேரின் நோய்ப் போக்கையும் வாழ்நாளையும் தொகுத்தனர். அரிய நோய் ஒன்றுக்கு இது மிகப் பெரிய தொகுப்பு. காது கேளாமையும் முகத்தளர்ச்சியும் ஒத்திருப்பதால், ரைபோஃபிளேவின் கடத்தி மரபணுக் கோளாறால் வரும் நோயோ இது என்ற ஐயம் எழுந்தது. 2013இல் அதே குழு மரபணுக்களைப் படித்துப் பார்த்து, இது வேறு என்று காட்டியது.

இத்தனைக்கும் நடுவில் 2000ஆம் ஆண்டு வந்த ஒரு கட்டுரைக்குத் தனி இடம் உண்டு. எஸ்.கே. சங்கரும் சக ஆய்வாளர்களும் சென்னை வகை நோயின் முதல் உடற்கூறாய்வை வெளியிட்டனர். தண்டுவடத்தின் முன்கொம்பில் உள்ள இயக்க நரம்பணுக்கள் பெருமளவு அழிந்திருந்தன. செவிக்கான நரம்பு உட்கருக்களும் செவி நரம்பும் சிதைந்திருந்தன. நோயாளியின் காது முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்ததை நுண்ணோக்கி உறுதிசெய்தது. நோயின் இருப்பிடம் தண்டுவடமும் மூளைத்தண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பின்னால் வரும் வாதத்துக்கு இதுவே அச்சாணி.

இனி கடல் கடந்த கதை. ஷார்கோ 1869இல் இந்நோய்க் குடும்பத்தின் தலையாய வகையை விவரித்தார். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவை ஸ்பெயினின் ரியோ ஒர்டேகா 1919இல் இனங்கண்டு பெயரிட்டார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வான்கூவரில் மெகீர் தம்பதியின் ஆய்வுக்கூடம் 1992இல், அத்தலையாய வகையால் இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் கிளர்ச்சியுற்ற மைக்ரோக்ளியாவும் டி-செல்களும் இருப்பதைக் காட்டியது. ஆனால் இறந்த திசு கடைசிப் பக்கத்தை மட்டுமே காட்டும். அழற்சி முதலில் வந்ததா, செல்கள் மடிந்த பிறகு துப்புரவுக்கு வந்ததா என்பதை அதில் படிக்க முடியாது.

உயிரோடிருப்பவரின் மூளையில் பார்க்க ஒரு பிடி வேண்டியிருந்தது. 1977இல் கண்டறியப்பட்டு, பின்னர் டி.எஸ்.பி.ஓ. என்று பெயர் மாற்றப்பட்ட புரதம் அந்தப் பிடியாயிற்று. மைக்ரோக்ளியா கிளர்ச்சியுறும்போது இது மிகும் என்பது விலங்குச் சோதனைகளின் பாடம். இதில் ஒட்டிக்கொள்ளும் பி.கே.11195 என்ற மருந்துப்பொருளில் கதிரியக்கக் கார்பன்-11ஐப் பொருத்தி, பெட் ஸ்கேனில் படமெடுத்தனர். 2004இல் லண்டனில் மார்ட்டின் டர்னர் குழு அதே வகை நோயுள்ள 10 பேரையும் 14 நலமுள்ளோரையும் ஒப்பிட்டது. இயக்கப் புறணி, பான்ஸ், தாலமஸ், முன்மூளையின் ஒரு பகுதி எனப் பரவலாக ஒளிர்வு தெரிந்தது. இயக்கப் புறணியின் ஒளிர்வு, புறணியில் உள்ள மேல் இயக்க நரம்பணுக்களின் சேதத்தோடு ஒத்துயர்ந்தது. 2012இல் கோர்சியா குழு ஃபுளோரின்-18 ஏற்றிய டி.பி.ஏ.-714ஐயும், 2015இல் பாஸ்டனில் சூர்க்கர் குழு பி.பி.ஆர்.28ஐயும் கொண்டு ஏறத்தாழ இதையே கண்டன.

அழற்சியைத் தணித்தால் நோய் தணியுமா என்ற கேள்வி இதற்கிடையில் அவசரமாகச் சோதிக்கப்பட்டது. மைக்ரோக்ளியாவை அடக்கும் என்று நம்பப்பட்ட மினோசைக்ளினை 412 பேரிடம் சோதித்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று: மருந்து எடுத்தவர்கள் 25 விழுக்காடு வேகமாகத் தளர்ந்தனர். மூளையில் எது எரிகிறது என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றியதன் விலை அது.

இத்தகைய பெட் படம் நம் நோயாளிகளுக்கு எட்டுமா என்று பார்க்க, இங்கே கடப்பாக்கத்துக்குத் திரும்புவது பொருத்தம். அவ்வூருக்கு வடக்கே கல்பாக்கத்தில் அணு உலைகள் இருக்கின்றன. ஆனால் பெட் ஸ்கேனுக்கான பாசிட்ரான் உமிழும் ஐசோடோப்புகளுக்குப் பொதுவாக அணு உலை உதவாது, துகள்முடுக்கியான சைக்ளோட்ரான் வேண்டும். இந்தியாவில் மருத்துவத்துக்கான முதல் சைக்ளோட்ரானும் பெட்டும் 2002இல் மும்பையில்தான் வந்தன. கார்பன்-11இன் அரைவாழ்வு 20 நிமிடங்கள். சென்னையில் தயாரித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி உள்ள கடப்பாக்கத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்தால், கதிரியக்கத்தில் அறுபதில் ஒரு பங்கே மிஞ்சும். ஃபுளோரின்-18க்கு அரைவாழ்வு 110 நிமிடங்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். ஆகவே பி.கே.11195 கொண்டு எடுக்கும் படம் சைக்ளோட்ரான் இருக்கும் வளாகத்தைத் தாண்டாது. டி.பி.ஏ.-714 போன்றவை வேண்டுமானால் சாலையேறி வேறு ஊருக்குப் போகலாம். யாருடைய மூளையைப் பற்றி நமக்குத் தெரியும் என்பதில் இந்த அரைவாழ்வுக் கணக்குக்கும் பங்கு உண்டு.

தூரத்தைவிடப் பெரிய தடை உடலுக்குள் இருக்கிறது. மேற்சொன்ன ஆய்வுகள் இயக்கப் புறணியில்தான் தெளிவாகப் பேசுகின்றன. பெட் படத்தின் நுண்மை சில மில்லிமீட்டர். தண்டுவடத்தின் தடிப்போ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், அதன் முன்கொம்பு அதனினும் மிகச் சிறியது. மூளைத்தண்டின் உட்கருக்களும் அவ்வளவே. புறணியில் தெரிந்த ஒளிர்வைக் கொண்டு ‘இயக்க நரம்பணு நோயில் அழற்சி’ என்று பொதுவாக எழுதுவது, தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள கீழ் இயக்க நரம்பணுக்களை முதன்மையாகத் தாக்கும் சென்னை வகைக்குப் பிறர் ஆடையை மாட்டுவதாகும். அந்த நோயில் புறணி ஒளிராவிட்டால் அழற்சி இல்லை என்று பொருளாகாது. கருவி அங்கே பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

டி.எஸ்.பி.ஓ. என்ற பிடியின் மீதே இப்போது ஐயம் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு மரபணு எழுத்து மாறினால் பி.பி.ஆர்.28 ஒட்டும் வலு ஆளுக்கு ஆள் மாறும் என்பது முன்பே தெரிந்தது. அதனால் படமெடுக்கும் முன் ரத்தத்தில் மரபணு பார்த்தே ஆள் சேர்க்க வேண்டும். 2023இல் நுட்மா குழு இன்னொன்றைக் காட்டியது. எலியில் மைக்ரோக்ளியா கிளர்ந்தால் டி.எஸ்.பி.ஓ. கூடுகிறது, மனிதரில் ஒவ்வொரு செல்லிலும் அது கூடவில்லை. மனிதப் படத்தின் ஒளிர்வு செல்களின் கிளர்ச்சியைவிட அவற்றின் எண்ணிக்கையையே காட்டக்கூடும். டர்னரின் படம் பொய்யாகிவிடவில்லை. அதைப் படிக்கும் முறை மாறியிருக்கிறது.

இந்நிலையில் தென்னிந்தியாவில் ஆய்வு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. விலையுயர்ந்த ஸ்கேனிலிருந்து அல்ல. 1995இல் நிம்ஹான்ஸில் சங்கர் தொடங்கிய மனித மூளை வங்கியைப் போன்ற இடங்களில் சேமித்த திசுக்களில், முன்கொம்பிலும் செவி உட்கருக்களிலும் மைக்ரோக்ளியாவின் எண்ணிக்கையையும் டி.எஸ்.பி.ஓ. அளவையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கலாம். அங்கு செல் கூடியிருக்கிறதென்று தெரிந்த பிறகு, புறணியை விட்டு மூளைத்தண்டைக் குறிவைத்து, ஃபுளோரின்-18 ஏற்றிய பொருளோடும் எம்.ஆர்.ஐ. சேர்ந்த பெட்டோடும் நோயாளியை அணுகலாம். பல பத்தாண்டுகள் வாழும் நோயாளிகள் என்பதால் ஒருவரையே ஐந்தாண்டு இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் படமெடுக்கவும் வழி உண்டு. சில ஆண்டுகளில் உயிர் குடிக்கும் வகையை ஆராயும் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் அந்த வசதி அரிது.