ஜாதிக்காய்க் குளிர் சூப்: கெலுகோர் வெயிலுக்கு ஒரு கிண்ணம்

பினாங்கில் கோடை என்று தனிப்பருவம் கிடையாது. ஆனால், தைப்பூசத்தை ஒட்டி மழை குறையும் வாரங்களில் வெயில் நன்றாகவே காயும். அப்போது லக்சா கடைகளில் அதிகம் கேட்கப்படுவது ஜாதிக்காய்ச் சாறு. பச்சையாக அரைத்தால் வெள்ளை, காய்ச்சினால் பழுப்பு. ஹங்கேரியில் புளிப்புச் செர்ரியைக் காய்ச்சிக் குளிரவைத்து சூப்பாகக் குடிப்பார்கள். பழுப்புச் சாற்றையும் அப்படிக் கிண்ணத்தில் பரிமாறலாம்.

கெலுகோருக்கும் இந்தக் காய்க்கும் பழைய உறவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுனின் கெலுகோர் தோட்டத்தில் ஜாதிக்காய் பயிரானது. 1825இல் இறந்த அவரது பெயரைத்தான் பாடாங் பிரவுன் திடல் இன்றும் தாங்கி நிற்கிறது. 1860களில் நோய் தாக்கி பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. ஆனால், தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமத்துக்குப் பெயரே கம்போங் புவா பாலா, அதாவது ஜாதிக்காய்க் கிராமம். 2009இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று ஜாதிக்காய் வாங்க பாலேக் புலாவ் பக்கம்தான் போக வேண்டும்.

நால்வருக்கு 8 காய்கள் போதும். தோலை மெல்லச் சீவி, இரண்டாகப் பிளந்து, விதையையும் அதைச் சுற்றிய சிவந்த ஜாதிபத்திரியையும் தனியே எடுங்கள். சதையை உப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் துவர்ப்பு குறையும். பிறகு அலசி, மெல்லிய துண்டுகளாக்கி, ஒன்றரை லிட்டர் நீரில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். 100 கிராம் கற்கண்டு, 2 அசாம் பொய் சேர்த்து இறக்குங்கள். கடைச் சாற்றின் இனிப்பு இதில் இருக்காது, இருக்கவும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கற்கண்டை விட்டுவிடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அசாம் பொய்யின் உப்பு ஆகாது. பதிலாக அசாம் கெலுகோர் ஒரு துண்டு போடலாம். இந்த வட்டாரத்துக்கு அந்த மரத்தின் பெயர்தான் வந்தது என்பார்கள்.

நன்றாகக் குளிர்ந்த பின் அன்னாசி, பப்பாளித் துண்டுகள் போட்டுப் பரிமாறுங்கள். ஐஸ் கட்டி போட்டால் சுவை நீர்த்துவிடும்.

விதையை மட்டும் சூப்பில் அரைத்துவிடாதீர்கள். அளவு மீறினால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரும். கர்ப்பிணிகள் விதையைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் வீச வேண்டியதில்லை. சில வாரங்கள் காயவைத்து, ஆட்டினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கும் பதம் வந்ததும் எடுத்து வையுங்கள். ஆட்டுக்கறி பெரட்டலுக்கு ஒரு சிட்டிகை துருவினால் போதும்.