நோய் தணிந்தது, பிள்ளைகளின் பதற்றம் தணிந்ததா?

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கும் சிற்றூர் காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் விளிம்பில் ஜாக்குன் பிரிவைச் சேர்ந்த ஓராங் அஸ்லி மக்களின் கம்போங் பெத்தா வரும். தோட்டப்புறத் தமிழர்களும் பூர்வகுடி மக்களும் இந்நாட்டின் சிறுபான்மையினர். இத்தகைய ஊர்களின் பதின்ம வயதுப் பிள்ளைகள் பெருந்தொற்றிலிருந்து எப்படி மீண்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

2023 மே 5ஆம் தேதி, கோவிட்-19 இனி அனைத்துலகச் சுகாதார அவசரநிலை அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேசியாவில் 37,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்குப் பலியாகியிருந்தனர். கடைகள் திறந்தன, பள்ளிகள் திறந்தன. ஆனால், பிள்ளைகளின் மனத்தில் குடியேறிய பதற்றம் ஓர் அறிவிப்போடு விடைபெறுவதில்லை. வரலாற்றைப் புரட்டினால், இந்தியச் சமுதாயம் இதே தவற்றை முன்பும் ஒரு முறை சந்தித்திருப்பது தெரியும்.

1918: எண்ணப்பட்டவை, எண்ணப்படாதவை

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு நோய் புதியதல்ல. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட தொடக்கக் காலத்தில் மலேரியா ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கொன்றது. கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்க வழிகாட்டிய பிறகே நிலைமை மெல்ல மாறியது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளுவென்சா பெருந்தொற்று மலாயாவைத் தாக்கியது. உலகையே உலுக்கிய அந்நோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலாயாவில் அதன் கடுமையான அடி தோட்டத் தொழிலாளர் மீது விழுந்தது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுத்த லயங்களில் காய்ச்சல் வரிசை வரிசையாகப் பரவியது. பால்வெட்டு நின்றது. தோட்ட மருத்துவமனைகளில் இடமில்லை.

அரசாங்க ஆண்டறிக்கைகள் ஆயிரம் தொழிலாளருக்கு எத்தனை மரணம் என்று கணக்கெழுதின. தாயைப் பறிகொடுத்த 13 வயதுப் பிள்ளை அதன்பின் எப்படித் தூங்கியது என்பது அந்தக் கணக்குக்குரிய கேள்வியல்ல. அந்த வயதில் பல பிள்ளைகள் மாணவர்களாகவும் இல்லை. குழந்தைத் தொழிலாளிக்கென்று தனிக் கூலி விகிதமே நடைமுறையில் இருந்த காலம் அது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற விதி, கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தோடுதான் வந்தது. துக்கத்தை வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதே அன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்த வழி.

தமிழ்ப்பள்ளி வாசலைத் தாண்டிய ஆண்டு

நூறாண்டுகளுக்குப் பின் வந்த பெருந்தொற்றின்போது பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். ஆனால் பள்ளி மூடியிருந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது. எஸ்.பி.எம். தேர்வு தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. எப்போது தேர்வு, எப்போது பள்ளி என்று தெரியாமலே ஓர் ஆண்டு கழிந்தது.

இதில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிக்கு மாற வேண்டும். சிலர் அதற்காகவே ரிமூவ் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கின்றனர். மொழி, ஆசிரியர், நண்பர் எல்லாம் ஒரே நாளில் மாறும் காலம் அது. சாதாரண ஆண்டுகளில், பக்கத்து மேசைத் தோழனைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை புது மொழியில் பழகிவிடும். 2021இல் அந்த வாசலைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பக்கத்து மேசையே இல்லை. ஜனவரி 20ஆம் தேதி வகுப்புகள் இல்லிருப்புக் கற்றலாகத் தொடங்கின. ஏப்ரலில் பள்ளி திறந்தது, ஜூனில் முழு முடக்கத்தோடு மீண்டும் மூடியது, அக்டோபரில்தான் கட்டங்கட்டமாகத் திறந்தது.

அந்த இல்லிருப்புக் கற்றலும் எல்லாருக்கும் எட்டவில்லை. 2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. தகப்பன் வேலைக்குக் கொண்டுபோகும் ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகள் ஏராளம். சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு கிடைக்க மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதியது 2020இல் நாடே பேசிய செய்தி. விடுதியை நம்பி இடைநிலைக் கல்விக்கு வரும் ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கோ விடுதி மூடியபோது பள்ளியே தூரமாயிற்று.

பாலம் மூடிய வீடுகள்

ஜொகூர் குடும்பங்களுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் வேலைக்காகக் கடந்த சிங்கப்பூர் எல்லை 2020 மார்ச்சில் மூடியது. தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணத் திட்டம் 2021 நவம்பர் 29ஆம் தேதி தொடங்கும்வரை, அங்கேயே தங்கிய பெற்றோர் பலர் பிள்ளைகளைத் திரையில்தான் பார்த்தார்கள்.

இறப்பு நேர்ந்த வீடுகளிலும் துக்கம் முழுமை பெறவில்லை. நோயில் மாண்டவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர இயலவில்லை. இறுதிச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினரே போக முடிந்தது. பாட்டியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பேரனுக்கு, அவர் இறந்துவிட்டார் என்பதே ஒரு செய்தியாக நின்றுவிட்டது. பழைய தோட்டமாக இருந்தால் லயமே வந்து உட்கார்ந்து அழுதிருக்கும். தோட்டங்களிலிருந்து வெளியேறி மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு, அந்த நாள்களில் நான்கு சுவர்களே துணை.

எண்கள் சொல்லும் உண்மை

இதெல்லாம் வெறும் கற்பனையா என்று கேட்போருக்குச் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் பதில் சொல்கின்றன. 2017ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயதுடைய மாணவர்களில் ஐவரில் இருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் தென்பட்டன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகப் பத்தில் ஒருவர் கூறினார். 2022ஆம் ஆண்டு ஆய்வில் அது 13.1 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அத்தகைய எண்ணம் மற்ற இனத்து மாணவர்களைவிட இந்திய மாணவர்களிடம் அதிகம் என்பதை 2012ஆம் ஆண்டின் தேசிய ஆய்வே காட்டிவிட்டது. அதாவது, ஏற்கெனவே பாரம் சுமந்த தோளின்மீதுதான் பெருந்தொற்று வந்து ஏறியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள சமுதாயத்தில், எஸ்.பி.எம். தேர்ச்சி ஒன்றே மேலேறும் ஏணி என்று வளர்க்கப்படும் பிள்ளைக்கு, அந்த ஏணி ஆடுவது உயிர்ப் பயம்தான்.

வயிற்றுவலி என்று வரும் பயம்

பதற்றம் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளிக்குப் புறப்படும் காலையில் வயிற்றுவலி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாக் கோபம், இரவு முழுதும் கைப்பேசி என்றுதான் வருகிறது. சோம்பல் என்று அப்பா திட்டுவார். திருஷ்டி என்று அம்மா சுற்றிப் போடுவார். அன்பினால் செய்வதுதான் என்றாலும், பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்படியே இருக்கிறது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போனாலோ, வீட்டில் தமிழில் உணரும் பயத்தை மலாயில் சொல்லத் தெரியாமல் “ஒன்றுமில்லை” என்று திரும்பிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காலம் முற்றிலும் மாறாமல் இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்சாமல் உதவி நாடலாம். சுகாதார அமைச்சின் 15555, தாலியான் காசே 15999 ஆகிய எண்களில் மன உதவி கிடைக்கிறது. அந்த எண்கள் பரீட்சை அட்டவணைக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். எத்தனை புள்ளி என்று கேட்கும் முன், இரவு தூக்கம் வருகிறதா என்று பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டபின், பதிலுக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

2021இல் திரைக்கு முன்னால் இடைநிலைக் கல்வியைத் தொடங்கிய அணி, 2025இல் படிவம் 5க்கு வந்தது. இனி அவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். 1918இன் பிள்ளைகள் என்ன பட்டார்கள் என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை. காஹாங்கிலும் கம்போங் பெத்தாவிலும் அடுக்குமாடிகளிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிடு தூரத்தில்.