வெயிலை அறிந்த கட்டடம்

புதுமைக் கட்டடக்கலை என்றதும் 'சிமெண்டுப் பெட்டி' என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். தூணிலே யாளி இல்லை, வாயிலிலே கொடிவேலைப்பாடு இல்லை. வியப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவுக்குத் தக்க விடையாக நிற்கும் கட்டடம் ஒன்று புதுச்சேரியில் உண்டு. அதுவே கோல்கொண்டா என்னும் விடுதி.

அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்காக 1937-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி இது. போர்க்காலத் தட்டுப்பாடுகளைக் கடந்து 1940-களில் நிறைவெய்தியது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. லெ கார்புசியே சண்டிகருக்கு வரைபடம் வகுத்தது 1951-இல்தான். எனவே, நவீன முறையில் கம்பியிட்ட கான்கிரீட்டில் இந்தியாவில் எழுந்த முன்னோடிக் கட்டடங்களுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு.

இதனை வகுத்தவர் செக் நாட்டிலே பிறந்த அந்தோனின் ரேமண்ட். பிராங்க் லாயிட் ரைட்டின் இம்பீரியல் விடுதிப் பணிக்காக 1919-இல் ஜப்பான் சென்று, அங்கேயே தொழில் நடத்தியவர் அவர். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த ஜார்ஜ் நாகஷிமாவும், லெ கார்புசியேயிடம் பணிபுரிந்த செக் நாட்டவர் சாமரும் களத்தில் நின்று வேலையை நடத்தினர். பொருளுதவி ஐதராபாத்திலிருந்து, திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்தது. வைரத்துக்குப் பெயர்போன கோல்கொண்டாவின் பெயர் விடுதிக்கு வாய்த்த காரணம் இதுவே.

இனி, அதன் அமைப்பைக் காண்போம். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. ஆகவே காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களிலே பட்டு ஒழிகின்றன. நீண்ட பக்கங்களில் கண்ணாடிச் சன்னல்களுக்கு மாறாகத் திருப்பத்தக்க கல்நார் சிமெண்டுப் பலகைகளை வரிசை வரிசையாக அமைத்திருக்கிறார்கள். காற்று வேண்டின் திறக்கலாம். மழை வரின் சாய்க்கலாம். அறைக் கதவுகளோ தேக்குச் சட்டங்களால் ஆனவை. பார்வையை மறைத்துக் காற்றை விடுகின்றன. கூரை இரட்டையாக அமைந்து, இடையே காற்று உலவ வழிவிடுகிறது. கல்நாரின் துகள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதை இன்று நாம் அறிவோம். நாம் கற்க வேண்டுவது அப்பொருளையன்று, அம்முறையையே.

ஆசிரமவாசிகளும் இப்பணியில் உடலுழைப்பைத் தந்தனர். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகள் வார்த்தனர். தரையிலே பரப்பியது கடப்பைக் கல். எங்கள் திருத்தணி வீடுகளில் அடுக்களை மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் இடுகின்ற அதே கருங்கல்தான். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கடப்பையோ ஆந்திரத்தில் நின்றது. மாநில எல்லை மாறினும் கல்லின் குளிர்ச்சி மாறவில்லை.

இவ்வளவும் அயல்நாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்தவை என்று கருத வேண்டா. திண்ணையும் முற்றமும் வைத்து வீடு கட்டிய நம் முன்னோர் அறிந்த உண்மையே இது. தணிகை மலைக்கு 365 படிகள் ஏறுவோர், வழியிலுள்ள மண்டபங்களின் நிழலிலே அதன் அருமையை உணர்வர். பழைய வடிவத்தைப் படியெடுக்காமல் பழைய அறிவை மட்டும் கைக்கொண்டதே ரேமண்டின் பெருமை. அலங்காரம் இல்லாமையால் அன்று, ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைச் செய்வதால் அக்கட்டடம் அழகாயிற்று.

இன்றோ எங்கள் கடைவீதியிலும் மேற்கு வெயிலை நேரே ஏற்கும் கண்ணாடி முகப்புகள் எழுகின்றன. உள்ளே குளிர்சாதனம் ஓயாது உழைக்கிறது. அவற்றைப் புதுமை என்கிறார்கள். மின்சாரம் நின்றால் மூச்சுமுட்டும் கட்டடம் எவ்வாறு புதுமையாகும்? நான் கற்பித்த பள்ளிகளில் இருபுறமும் தாழ்வாரம் கொண்ட ஓட்டு வகுப்பறைகளில் பிற்பகலிலும் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். காற்றோட்டமற்ற தட்டைக் கூரையின் கீழோ உறங்கி விழுந்தார்கள். பாடத்தில் குறையில்லை, கூரையில்தான் குறை.

ஆகவே, ஊரில் பள்ளியோ வீடோ எழும்போது, முகப்பு எவ்வாறு இருக்கும் என்று கேட்பதற்கு முன்னர், வெயில் எப்பக்கம், காற்று எவ்வழி என்று கேட்போமாக. அக்கேள்விகளுக்கு விடை சொல்லும் கட்டடம் எந்நாட்டார் வகுத்ததாயினும் நம்முடையதே.